புது விமானத்தைப் பழசாக்கும் கலை

மேல்கோட்டைக்குப் போகிற பெங்களூர்த் தமிழர்களுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும். செல்லப்பிள்ளையின் தரிசனம் ஒன்று. பங்குனியில் நடக்கும் வைரமுடி சேவை இன்னொன்று. கோயிலை விட்டு வெளியே வந்ததும் மணக்கும் புளியோதரை மூன்றாவது. ராமாநுஜர் வந்து தங்கிய திருநாராயணபுரம் என்று பக்தியோடு போகிறவர்கள் உண்டு. 1948-இல் ஜெயலலிதா பிறந்த ஊர் என்று பார்க்கப் போகிறவர்களும் உண்டு.

இன்னும் ஒரு காரணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். சின்னஞ்சிறு பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி, வண்ணம் பூசி, அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொழுதுபோக்கு ஒன்று இருக்கிறது. அதில் கை பழக விரும்புகிறவர்களுக்கு மேல்கோட்டை ஒரு நல்ல பாடசாலை. கோயிலுக்கும் பொம்மை விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கருவறையின் மேலே எழும்பி நிற்பதற்கும் விமானம் என்றுதான் பெயர். ஆகாயத்தில் பறப்பதற்கும் அதே பெயர்தான். இரண்டின் மேலும் ஒரே வெயில் அடிக்கிறது, ஒரே மழை பெய்கிறது. ஆனால் ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது, மற்றொன்று ஓடுகிறது. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பிடித்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஆறடி ஆள் ஓர் அங்குலம்

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. விமானத்தின் பாகங்கள் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு பெட்டியில் வரும். அவற்றை வெட்டியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, இடைவெளிகளுக்குப் பட்டி பார்த்து, வண்ணம் பூச வேண்டும். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ், ஜப்பானின் தாமியா, ஹசெகாவா முதலிய கம்பெனிகள் இதில் உலகப் பெயர் பெற்றவை.

இவற்றில் மிகவும் பழக்கமான அளவு 72-இல் ஒரு பங்கு. ஆறடி உயரமுள்ள ஆளுக்கு 72 அங்குலம். இந்த அளவில் அவர் ஓர் அங்குலமாகிவிடுவார் என்று வைத்துக்கொண்டால் கணக்கு மறக்காது. பெங்களூரில் பிறந்த மாருத் போர் விமானத்தின் நீளம் 15.87 மீட்டர். இந்த அளவில் அது 22 சென்டிமீட்டர். ஒரு சாண் அளவுதான். அதே பெங்களூரில் தயாரான நாட் விமானம் சுமார் 12 சென்டிமீட்டர்தான்.

ஒட்டுகிற வேலையைப் பொறுமை உள்ள யாரும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். வண்ணம் பூசுவதும் அவ்வளவு சிரமமில்லை. ஆனால் எல்லாம் முடித்து மேசைமேல் வைத்ததும் மனசுக்குள் ஒரு குறை எழும். ஒட்டு சரியாக இருக்கிறது, வண்ணம் சரியாக இருக்கிறது, இருந்தாலும் அது பொம்மையாகத்தான் தெரிகிறது. பறந்து வந்து இறங்கிய விமானமாகத் தெரியவில்லை. காரணம், அதன் மேல் ஒரு நாள் வெயில்கூடப் பட்டதில்லை. ஒரு மெக்கானிக்கின் கைகூடப் பட்டதில்லை.

அந்த வெயிலையும் மழையையும் எண்ணெயையும் புழுதியையும் தூரிகையால் பூசிக் காட்டுவதற்குத்தான் ‘வெதரிங்’ என்று பெயர். உலகத்தில் பலரும் பழசைப் புதுசாக்கப் பணம் செலவழிக்கிறார்கள். இவர்களோ புதுசைப் பழசாக்க மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் இது வேடிக்கை இல்லை என்பது தெரியும்.

படிக்கட்டு சொல்லும் பாடம்

பெங்களூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது மேல்கோட்டை. பாறை மலை. உச்சியில் யோக நரசிம்மர் கோயில். கீழே கல்யாணி தீர்த்தம். ஊருக்கு ஒரு பக்கத்தில் கட்டி முடிக்கப்படாமல் உயர்ந்த கல்தூண்களோடு நிற்கும் ராய கோபுரம். எங்கே திரும்பினாலும் கல். அந்தக் கல்லின் மேல் காலம் எழுதிய கணக்கு.

மலைப் படிக்கட்டில் ஏறும்போது கீழே பார்க்க வேண்டும். ஏறுகிறவர்களின் கால் அதிகம் படும் இடம் வழவழப்பாக இருக்கும். ஓரங்களில் கல்லின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். படிக்கட்டு முழுவதும் ஒரே மாதிரி தேயவில்லை. கால் படுகிற இடம்தான் தேய்ந்திருக்கிறது. இது முதல் பாடம்: தேய்மானம் எங்கும் பரவலாக இருக்காது, காரணம் உள்ள இடத்தில் மட்டும் இருக்கும்.

அடுத்து, பாறைகளையும் மதில்களையும் பார்க்க வேண்டும். மழை நீர் வழிந்த தடங்கள் கறுப்புக் கோடுகளாக இறங்கியிருக்கும். அந்தக் கோடுகள் ஏதோ ஒரு விளிம்பில், ஒரு விரிசலில், தண்ணீர் தேங்கி வழிகிற மூலையில் தொடங்கும். அங்கே அழுத்தமாக இருக்கும். கீழே போகப் போக மெலிந்து மறையும். நேராகக் கீழ் நோக்கியே போகும். இது இரண்டாவது பாடம்: கறைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு, ஒரு திசை உண்டு, ஒரு முடிவு உண்டு.

மூன்றாவது, வெயில். தெற்கு, மேற்குப் பக்கத்துச் சுவரில் பூசிய வண்ணமும் நிழலிலேயே இருக்கும் சுவரின் வண்ணமும் ஒன்றாக இருப்பதில்லை. சுதைச் சிற்பங்களின் தலையும் தோளும் வெளுத்திருக்கும். கையிடுக்கில், ஆடை மடிப்பில் பழைய வண்ணம் ஒளிந்துகொண்டிருக்கும். மேடான இடம் வெளுப்பதும் பள்ளமான இடம் கறுப்பதும் எந்த ஊர்க் கோயிலிலும் கண்கூடாகப் பார்க்கக்கூடிய விஷயம்.

கால் பட்ட இடம், கறையின் திசை, வெளுப்பின் மேடு பள்ளம். இந்த மூன்றையும் ஒரு நோட்டில் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தால், விமானத்துக்கு வண்ணம் பூச வேண்டிய அறிவு பெரும்பாலும் கைக்கு வந்துவிடும்.

நிற்பதும் ஓடுவதும்

ஆனால் மேல்கோட்டைப் பாறையை அப்படியே காப்பியடித்தால் விமானம் கெட்டுப்போகும். பாறையில் தண்ணீர் மேலிருந்து கீழே வழிகிறது. பறக்கிற விமானத்தில் எண்ணெய் முன்னாலிருந்து பின்னால் ஓடுகிறது. எதிர்க்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே எஞ்சினில் கசியும் எண்ணெய் உடம்பின் மேல் நீளவாக்கில், வாலை நோக்கி, கோடு கோடாகப் படியும். பெட்ரோல் நிரப்பும் மூடியின் பின்னாலும் இப்படித்தான். அதே விமானம் மழையில் திறந்தவெளியில் நிறுத்தப்பட்டிருந்தால், பக்கவாட்டில் நேராகக் கீழே வழிந்த கறையும் சேர்ந்துகொள்ளும். ஆக, ஒரு விமானத்தின் கறையைப் பார்த்து அது பறந்த கறையா, நின்ற கறையா என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வித்தியாசம் துரு. புதிதாகக் கற்கிறவர்களில் பலர் முதலில் செய்வது, செங்கல் நிறத்தில் துருவை அள்ளிப் பூசுவது. லாரிக்கும் டாங்கிக்கும் அது பொருந்தும். விமானத்தின் மேல்தகடு பெரும்பாலும் அலுமினியம். அலுமினியப் பாத்திரம் வெளுக்கும், மங்கும், பொரிந்துபோகும். இரும்பைப் போலச் சிவந்து துருப்பிடிக்காது. வண்ணம் உரிந்த இடத்தில் வெள்ளி நிறமோ, அடியில் பூசிய பிரைமரின் மஞ்சள் கலந்த பச்சை நிறமோதான் எட்டிப் பார்க்கும். துரு வேண்டுமானால் இரும்பாலான புகைக்குழாயில் கொஞ்சம் காட்டலாம்.

மூன்றாவது, புகை. ஸ்பிட்ஃபயர் மாதிரி பழைய பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் மூக்கின் இரு பக்கமும் புகைக்குழாய்கள் வரிசையாக இருக்கும். அந்தப் புகை எப்போதும் கன்னங்கரேல் என்று இருப்பதில்லை. எரிபொருள் அதிகமாகக் கலந்து எரிந்தால் கரி படியும். நெடுந்தூரம் சிக்கனமாக ஓட்டினால், அந்தக் கால பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்தால் சாம்பல் வெள்ளையாகப் படியும். ஒரே கறைக்குள் நடுவில் வெளிர் சாம்பலும் ஓரத்தில் பழுப்புக் கறுப்பும் காட்டினால், விமானி எவ்வளவு தூரம் போய் வந்தார் என்பதே வண்ணத்தில் தெரியும்.

ஜெட் விமானத்தில் இந்தக் கதை மாறிவிடும். புகை வால் வழியாகப் போய்விடுவதால் உடம்பில் அது படியாது. ஆனால் வால் குழாயைச் சுற்றிய உலோகம் சூட்டில் நிறம் மாறும். லேத்திலும் உலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரும்பைச் சூடேற்றினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம் என்று வரிசையாக வருமே, அதே வரிசைதான். புத்தகம் படித்து மற்றவர்கள் கற்கும் விஷயத்தைத் தொழிற்சாலைக்காரர் தம் ஷிப்ட் அனுபவத்திலேயே அறிந்திருப்பார்.

பெங்களூர் விமானங்கள்

எந்த விமானத்தில் பழகுவது என்று யோசிக்கிறவர்கள் ஐரோப்பாவையே பார்க்க வேண்டியதில்லை. 1940-இல் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலைதான் பிற்பாடு எச்.ஏ.எல். ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானங்கள் இங்கே பழுது பார்க்கப்பட்டன.

போர் முடிந்ததும் நடந்த ஒரு விஷயம் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரும் அறிய வேண்டியது. லிபரேட்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை, மறுபடி பறக்கக் கூடாது என்று சேதப்படுத்திக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனது பிரிட்டிஷ் விமானப்படை. அந்தக் குப்பையிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களைப் பொறுக்கியெடுத்து, பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டு, பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவற்றை ஓட்டி வந்தவர் எச்.ஏ.எல்.லின் சோதனை விமானி ஜம்ஷெட் கைகோபாத் முன்ஷி. இங்கே தொழிலாளர்கள் அவற்றைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டினார்கள். 1948-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த லிபரேட்டர்கள் 1968 வரை சேவை செய்தன. உலகில் இன்று மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல இந்தியாவிலிருந்து போனவைதான். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்திலும், கனடாவின் ஒட்டாவாவிலும், அமெரிக்காவின் அரிசோனாவிலும் நிற்பவை அப்படிப் போனவையே.

இந்த லிபரேட்டரை மாதிரியாகச் செய்கிறவர், ஒரே நிறத்தில் வழவழவென்று பூசினால் அந்தச் சரித்திரமே காணாமல் போய்விடும். ஒரு தகடு புதிதாக, பக்கத்துத் தகடு மங்கலாக, மற்றொன்று வேறு விமானத்திலிருந்து கழற்றி மாட்டியதாக இருந்தால்தான் அது கான்பூரிலிருந்து பறந்து வந்த விமானமாகத் தெரியும்.

அடுத்தது எச்.டி.2 பயிற்சி விமானம். டாக்டர் வி.எம். காட்கே தலைமையில் உருவாகி 1951-இல் பறந்தது. பயிற்சி விமானத்தில் ஒரு நாளைக்குப் பல முறை ஆட்கள் ஏறி இறங்குவார்கள். அதனால் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பூட்ஸ் தடம் அதிகமாக இருக்க வேண்டும்.

மாருத் விமானத்தை வடிவமைத்தவர் ஜெர்மனியின் கர்ட் டாங்க். உலகப் போரில் பேர்பெற்ற ஃபோக்-வுல்ஃப் 190 விமானத்தைப் படைத்தவரும் இவரே. மாதிரி செய்கிறவர்கள் உலகெங்கும் விரும்பி ஒட்டும் விமானம் அது. அவர் பெங்களூருக்கு வந்து வடிவமைத்த மாருத் 1961 ஜூன் 17-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. மொத்தம் 147 தயாராயின. 1971 போரில் ராஜஸ்தானின் உத்தர்லாய் தளத்திலிருந்து பறந்தன. அதனால் மாருத்துக்குப் புழுதி பூசுகிறவர் பெங்களூர்ச் செம்மண்ணைப் பூசக் கூடாது. பாலைவனத்து வெளிர் மஞ்சள் மணலைப் பூச வேண்டும்.

மிக்-21 விமானங்கள் முதலில் வெள்ளி மேனியோடு பறந்தன. 1971 போரை ஒட்டி அவற்றில் பலவற்றுக்கு அவசர அவசரமாகப் பச்சையும் பழுப்பும் பூசப்பட்டது. அவசரப் பூச்சு எப்படி இருக்கும் என்பது சுவருக்கு வெள்ளையடித்தவர்களுக்குத் தெரியும்: ஓரங்கள் நேராக வராது, அடி நிறம் அங்கங்கே தெரியும். 1963-இல் வந்த மிக்-21 கடைசியாக 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் விடைபெற்றது. அறுபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை வண்ணங்கள், எத்தனை கைகள்!

செய்முறை

இனி, வீட்டில் எப்படிப் பழகுவது என்பதைப் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கிய மாதிரியை முதலிலேயே கெடுக்க வேண்டியதில்லை. பழைய சோப்பு டப்பா மூடி, பிளாஸ்டிக் கரண்டி, உடைந்த பொம்மை, எதிலும் பழகலாம்.

முதல் உத்தி கழுவல். அடி வண்ணம் நன்றாகக் காய்ந்ததும் அதன் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். ஓவியர்கள் வாங்கும் ஆயில் கலர் டியூபில் பழுப்பும் கறுப்பும் ஒரு துளி எடுத்து, டர்பென்டைனில் டீத் தண்ணீர் மாதிரி கரைக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் தகடுகளின் இடைக்கோட்டில் தொட்டால், அது தானாகவே கோட்டின் வழியே ஓடிப் போய் நிற்கும். திரி எண்ணெயை உறிஞ்சுகிற அதே தத்துவம்தான். அரை மணி கழித்து, மேலே பரவியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைப்பதும் காற்றின் திசையிலேயே, முன்னாலிருந்து பின்னால். பளபளப்பு வார்னிஷ் இல்லாமல் செய்தால், சொரசொரப்பான பூச்சு மையொற்றும் தாள் போல எல்லாவற்றையும் குடித்துவிடும். அடியில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம், மேலே டர்பென்டைனில் கரையும் ஆயில் வண்ணம் என்று வைத்துக்கொண்டால் மேல் வண்ணம் அடி வண்ணத்தை அரிக்காது.

இரண்டாவது உத்தி உப்பு. இது சமையல் அறையிலேயே இருக்கிறது. முதலில் வெள்ளி நிறம் பூசிக் காய விட வேண்டும். வண்ணம் உரிய வேண்டிய இடத்தைத் தண்ணீரால் நனைத்து, பொடித்த கல் உப்பைத் தூவ வேண்டும். காய்ந்ததும் உப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பச்சையோ பழுப்போ ஸ்பிரே செய்ய வேண்டும். அதுவும் காய்ந்த பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிட்டால், உப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளித் தகடாக வெளியே தெரியும். கையால் வரைந்தால் இந்த ஒழுங்கற்ற அழகு வராது.

மூன்றாவது உத்தி ஸ்பாஞ்ச். பார்சலில் வரும் ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, வெள்ளி வண்ணத்தில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி ஒற்றியெடுத்துவிட வேண்டும். மிச்சமிருப்பதை இறக்கையின் முன் விளிம்பிலும் மூடிகளின் ஓரத்திலும் மெல்ல ஒற்ற வேண்டும். நுணுக்கமான இடத்துக்கு வெள்ளி நிறப் பென்சில் போதும்.

நான்காவது உத்தி புள்ளி. வெள்ளை, நீலம், பழுப்பு ஆயில் கலர்களை இறக்கையின் மேல் ஊசிமுனைப் புள்ளிகளாக வைத்து, டர்பென்டைன் தொட்ட தூரிகையால் பின்பக்கமாக இழுத்து மறைத்துவிட வேண்டும். புள்ளி தெரியாது; ஆனால் ஒரே பச்சை பல பச்சைகளாக மாறியிருக்கும். வெயிலில் வெளுத்த தோற்றம் இதில் வருவதுபோல் வேறு எதிலும் வராது.

ஐந்தாவது உத்தி பொடி. ஓவியச் சாக்குக்கட்டியை உப்புத்தாளில் உரைத்துப் பொடியாக்கி, மெத்தென்ற தூரிகையால் புகைக்குழாயின் பின்னால் தடவ வேண்டும். கடைசியில் மங்கல் வார்னிஷ் பூசினால் பொடி பாதி மறைந்துவிடும் என்பதை எதிர்பார்த்தே கொஞ்சம் அழுத்தமாகத் தடவலாம்.

டர்பென்டைனும் தின்னரும் தீப்பிடிக்கக் கூடியவை. ஒற்றை அறைக் குடித்தனத்தில் அடுப்பு எரியும்போது இந்த வேலை ஆகாது. சன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் செய்ய வேண்டும். பொடி தேய்க்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வது நல்லது.

எங்கே நிறுத்துவது?

இந்தக் கலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் கைத்திறமை இல்லாதவர்கள் அல்ல, நிறுத்தத் தெரியாதவர்கள். ஒரு கறை நன்றாக வந்துவிட்டால் இன்னொன்று வைக்கக் கை துடிக்கும்.

அந்த நேரத்தில் 72 என்ற எண்ணை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வண்ணம் உரிந்திருந்தால், உண்மை விமானத்தில் அது 7.2 சென்டிமீட்டர், உள்ளங்கை அகலம். அவ்வளவு பெரிய பொத்தலாக எந்த மெக்கானிக்காவது விட்டு வைப்பாரா? அதேபோல், உண்மை விமானத்தில் தகடுகளின் இடைவெளி 2 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் அது தலைமுடியைவிட மெல்லியது. அதைக் கறுப்பு மையால் பட்டை அடித்தால் விமானம் ஓடு வேய்ந்த கூரையாகிவிடும்.

இன்னொன்று, போட்டோவின் தேதி. கோபுரத்துக்கு கும்பாபிஷேகம் ஆனதும் புது வண்ணம் மின்னுகிறது. அடுத்த கும்பாபிஷேகத்துக்குள் மங்கிவிடுகிறது. விமானத்துக்கும் ஓவர்ஹால் என்று ஒன்று உண்டு. ஓவர்ஹாலிலிருந்து வெளியே வந்த மறுநாள் எடுத்த படத்தைப் பார்த்தால் கறையே இருக்காது. ஒரு போர் முடிந்த பிறகு எடுத்த படத்தில் எல்லாக் கறையும் இருக்கும். இரண்டும் உண்மைதான். செய்கிறவர் தாம் எந்த நாளைச் செய்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பெங்களூரில் நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 2001-இல் தொடங்கப்பட்டது. கஸ்தூர்பா சாலை விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்திலும் ஒரு மாருத் இருக்கிறது. ஆனால் அங்கே போகும்போது ஒரு எச்சரிக்கை. கண்காட்சிக்கு வைக்கும் விமானத்துக்குப் புது வண்ணம் பூசிவிடுவது வழக்கம். திறந்தவெளியில் நிற்பதன் மேல் தெரிவது பெரும்பாலும் நின்ற கறைதான். மேல்கோட்டைப் பாறையைப் போல நேராகக் கீழே வழிந்தது. பறந்த கறை, அந்தப் புதுப் பூச்சுக்கு அடியில் போய்விட்டது.

யார் வைத்த தடம்?

பறந்த கறையோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விடுகிறது. ஒரு போர் விமானத்தில் விமானியின் பெயர் எழுதப்படுவது உண்டு. அவர் வாங்கிய பதக்கம் சரித்திரத்தில் ஏறும். விடியற்காலையில் இறக்கை மேல் ஏறி எண்ணெய் ஊற்றியவரின் பெயர் எங்கும் இருக்காது. ஆனால் அவருடைய தடம் இருக்கும். தினமும் அவர் காலை வைத்த இடத்தில் வண்ணம் தேய்ந்திருக்கும். தினமும் அவர் திறந்து மூடிய துப்பாக்கி மூடியின் திருகுகளில் ஸ்குரூடிரைவர் பட்டு வெள்ளி தெரியும். அவர் கை வைத்து எம்பிய விளிம்பில் எண்ணெய் படிந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் திறக்கிற மூடி பக்கத்திலேயே சுத்தமாக இருக்கும். எந்த மூடி அழுக்கு, எந்த மூடி சுத்தம் என்பதைப் பார்த்தாலே அந்த விமானத்தின் வேலைப் பட்டியலைப் படித்துவிடலாம்.

ஆகையால் வெதரிங் கற்கிறவர் ‘எங்கே அழுக்குப் பூசினால் அழகாக இருக்கும்’ என்று கேட்டுக்கொள்வதைவிட, ‘இங்கே யார் வேலை செய்தார், என்ன வேலை செய்தார்’ என்று கேட்டுக்கொள்வது மேல். பதில் கிடைத்த இடத்தில் தூரிகையை வைக்கலாம். பதில் கிடைக்காத இடத்தைச் சுத்தமாக விட்டுவிடலாம். அப்படிச் செய்த மாதிரிக்கும், கண்டபடி அழுக்கு அப்பிய மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் பார்த்தவுடன் புரியும்.

தொழிற்சாலையிலும் ஆபீசிலும் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. முப்பது வருஷம் ஓட்டிய லேத்தின் கைப்பிடி எந்த இடத்தில் பளபளக்கிறது, தட்டெழுத்து மிஷினில் எந்த எழுத்து முதலில் தேய்ந்தது என்பதெல்லாம் அவர்கள் கண்ட காட்சி. மிஷினை விற்றுவிட்டால் அந்தப் பளபளப்பும் போய்விடும். பன்னிரண்டு சென்டிமீட்டர் நாட் விமானத்தின் இறக்கை ஓரத்தில், வெள்ளிப் பென்சிலால் வைத்த நாலு கீறல்கள், பெயர் தெரியாத ஒரு மெக்கானிக்கின் பூட்ஸ் தடம். பிளாஸ்டிக்கில் ஆனாலும், அவர் வேலை செய்தார் என்பதற்கு அது ஒரு சாட்சி.